எரிகோவின் மதில் விழுந்த ஞாயிறு

கிங்ஸ்டனில் லாஸெல்ஸின் ஸ்டுடியோவுக்கும் பாஸ்டர் பின்னாக்கின் சபைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் பலகைச் சுவர். அந்தப் பக்கம் ஜெபக்கூட்டம் நடந்தால் இந்தப் பக்கம் எங்கள் ரெக்கார்டில் அல்லேலூயா பதிவாகும். இந்தப் பக்கம் நான் பாஸ் கிட்டாரைத் தொட்டால் அந்தப் பக்கம் மெழுகுவர்த்தி நடுங்கும்.

லாஸெல்ஸ் எங்கள் மிக்ஸிங் ஆள்; பதிவான பாட்டை வெட்டி, ஒட்டி, சத்தங்களைக் கலக்கிறவன். ஒல்லி, ஆறடிக்கு மேல். பேச்சு குறைவு. அவனுக்கு உலகத்தில் வேண்டியது இரண்டே பெட்டிகள். ஒன்று எதிரொலிப் பெட்டி. உள்ளே ஒரு துண்டு டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு சொல் சொன்னால் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். ஒரு குமிழைத் திருகினால் தேய்ந்து அடங்கும், இன்னொரு பக்கம் திருகினால் அடங்காமல் பெருகிக்கொண்டே போகும். மற்றது ஸ்பிரிங் பெட்டி. சாதாரணமாக அது குரலை ஒரு பெரிய மண்டபத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தும். காலால் ஒரு உதை விட்டால் இடி இடிக்கும். லாஸெல்ஸ் பாட்டில் எங்கே இடி வேண்டுமோ அங்கே உதைப்பான். வலது பூட்ஸின் முனை பிய்ந்தே போயிருந்தது.

எழுபத்தாறாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை பாஸ்டர் சண்டைக்கு வந்தார். குள்ளமான, உருண்டையான மனிதர். குரல் மட்டும் கோழிக்குஞ்சுக் குரல். அவர் பிரசங்கம் தொடங்கினால் முதல் வரிசையிலிருந்தே தூக்கம் ஆரம்பிக்கும் என்று தெருவுக்கே தெரியும். அவர் மனைவி சிஸ்டர் ஐசில்டாவே குறட்டை விடுவாள்.

"லாஸெல்ஸ்! இது என்ன சத்தம்? நிறுத்து!" என்று கத்தினார். கத்திய இடம் சரியாக மைக்குக்கு முன்னால். மைக்கோ திறந்திருந்தது.

ஸ்பீக்கரிலிருந்து, மலையுச்சியில் யாரோ நின்று அதட்டுவதுபோல், "நிறுத்து... நிறுத்து... நிறுத்து..." என்று வந்தது.

பாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். "யாரு அது?"

"நீங்கதான் பாஸ்டர்" என்றேன்.

"நானா?" மெதுவாக மைக்கை நெருங்கினார். "பாவிகளே" என்றார், ரொம்பப் பிரியமாக.

"பாவிகளே... பாவிகளே..." என்றது பெட்டி.

அரைமணி நேரம் நகரவில்லை. நோவா, யோனா, ஏரோது, எல்லாப் பேரையும் சொல்லிக் கேட்டார். கடைசியில் லாஸெல்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை, எக்காளம் ஊதினதும் இடிஞ்சு விழுந்துச்சே, அந்த எரிகோ மதில் பத்திப் பேசறேன். இதைக் கொஞ்சம் கொடேன். இனிமே உங்க சத்தத்தப் பத்தி வாயத் தெறக்க மாட்டேன்."

லாஸெல்ஸ் யோசித்தான். "பெட்டிய யாரும் தொடக் கூடாது. நானே வந்து ஓட்டறேன்."

"வாப்பா, ராஜா மாதிரி வா. ஆனா குளிச்சிட்டு வா."

ஞாயிறன்று நானும் அவனும் இரண்டு பெட்டிகளையும் மைக், ஸ்பீக்கரோடு தூக்கிக்கொண்டு போனோம். ஆர்மோனியத்தில் மிஸ்டர் ஆம்புரோஸ் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு காதும் மந்தம். சிஸ்டர் ஐசில்டா இறகு வைத்த தொப்பியோடு முதல் வரிசையில் தூங்குவதற்கு வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

பாஸ்டர் "யோசுவா!" என்றார்.

"யோசுவா... யோசுவா... யோசுவா..."

ஐசில்டாவின் கண் திறந்தது. தொப்பி நேரானது. பின்வரிசையில் "ஆமென்!" என்று யாரோ அலறினார்கள். பாஸ்டருக்கு ஓர் அங்குலம் உயரம் கூடியதுபோல் இருந்தது. கால் மணி நேரம் அவ்வளவு அழகாகப் போனது. குழந்தைகள்கூட அழவில்லை.

வம்பு எங்கே வந்தது என்றால், லாஸெல்ஸ் கண்ணை மூடினான். அவன் கண்ணை மூடினால் அவனுக்கு ஊர், உலகம், சபை எதுவும் தெரியாது. பாட்டு மட்டும்தான். பாஸ்டரின் பேச்சை நடுவில் அறுத்தான். ஆர்மோனியத்தை மட்டும் விட்டான். மறுபடி பாஸ்டரில் ஒரு துண்டை எடுத்துப் போட்டான். "அவர்கள் எக்காளம் ஊதினார்கள்" என்று அவர் சொன்னதில் "ஊதி... ஊதி... ஊதி..." மட்டும் சபையைச் சுற்றி வந்தது. பாட்டிமார் இடுப்பை ஆட்ட ஆரம்பித்தார்கள்.

"லாஸெல்ஸ், இது சபை" என்று அவன் காதில் சொன்னேன்.

"ம்ம். இப்ப பாரு" என்றான்.

பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார். "அப்பொழுது மதில்..."

லாஸெல்ஸ் உதைத்தான்.

அந்த இடி பலகைச் சுவரில் மோதி, தகரக் கூரையில் ஏறி, பெஞ்சுக்கடியில் வந்தது. எதிரொலிப் பெட்டியோ அதை விடாமல் பெருக்கியது.

"பூகம்பம்!" என்று ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான்.

பாஸ்டர் பதறிப்போய், "யாரும் ஓட வேண்டாம்! ஓட வேண்டாம்!" என்றார். பெட்டி அதில் ஒரே ஒரு சொல்லை மட்டும் விழுங்கித் துப்பியது. "ஓட... ஓட... ஓட..."

ஓடினார்கள். ஐசில்டா ஒரு செருப்போடு ஜன்னல் வழியாக. ஓடுகிறவர்களைப் பார்த்து, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த இன்னொரு சபைக்காரர்களும் பூகம்பம் என்று நம்பி அவர்கள் பாஸ்டரோடு வெளியே வந்துவிட்டார்கள். மாமரத்தடியில் இரண்டு சபையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கின. உள்ளே மிச்சம் மூன்று பேர்: கண்ணை மூடிய லாஸெல்ஸ், காது கேட்காத ஆம்புரோஸ், பெட்டியை விட்டுப்போக மனமில்லாத நான். ஆம்புரோஸ் தாளம் தப்பாமல் வாசித்துக்கொண்டிருந்தார். நல்ல மிக்ஸ் அது. பதிவு செய்யாமல் போய்விட்டோம்.

நானும் வெளியே வந்தபோது, மானம் போனதாக நினைத்து பாஸ்டருக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. ஐசில்டாதான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புல்லில் உட்கார்ந்து சிரித்தாள்.

"பின்னாக்கு, கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க பிரசங்கத்துல இன்னிக்குத்தான் முழிச்சிருந்தேன். மதில் விழுந்துச்சு சரி. அப்புறம் என்ன ஆச்சு? சொல்லுங்க!"

பாஸ்டர் சுற்றிப் பார்த்தார். அவ்வளவு பெரிய கூட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. ஒருத்தர் கண்ணிலும் தூக்கம் இல்லை. அந்தக் கோழிக்குஞ்சுக் குரலிலேயே மிச்சக் கதையைச் சொன்னார். எதிர்ச் சபை பாஸ்டர்கூட நகரவில்லை. ஒருவேளை மறுபடி நிலம் ஆடினால் வெட்டவெளியில் இருப்பது நல்லது என்று நினைத்திருக்கலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ஸ்டுடியோ வாசலில் தொப்பி தெரிந்தது. லாஸெல்ஸ் பெட்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்து மறித்துக்கொண்டான்.

"சண்டைக்கு வரலப்பா" என்றார் பாஸ்டர், குரலைத் தாழ்த்தி. "இந்த வாரம் நோவா. பெருமழை, பேழையில ஏறின மிருகங்க. இந்தப் பெட்டியில மழை வருமா?"

லாஸெல்ஸ் ஒரு குமிழைத் திருகிப் பார்த்தான்.

"மழை வராது பாஸ்டர். யானை வேணும்னா வரும்."

பாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க, காட்டு."