சேவல் விழுங்கி வீட்டுக் கொள்ளுப்பேரன்

அமெரிக்காவின் ஃபால் ரிவர் நகரத்தில் நாற்பத்தொரு வருஷம் விடாமல் ஒரே பைக்குள் தன் பெயரைச் சீட்டெழுதிப் போட்டுவந்த மனிதர் ஹெர்மீனியோ ரபோசோ ஒருவர்தான். அவர் சேர்ந்தபோது அந்தச் சிவப்பு வெல்வெட் பை புதுசு. இப்போது அதில் வெல்வெட் எது, ஒட்டு எது என்று கண்டுபிடிக்கத் தனியாகப் படித்துப் பட்டம் வாங்க வேண்டும்.

போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பரிசுத்த ஆவித் திருவிழாச் சங்கத்துப் பை அது. வருஷத்துக்கு ஒரு சீட்டுத்தான் எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் வீட்டுக்கு வெள்ளிக் கிரீடம் ஒரு வாரம் விருந்தாளியாக வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் அதை யார் தலையில் வைப்பது என்பதையும் அவரே சொல்லலாம். இந்த நாற்பத்தொரு வருஷத்தில் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனவனுக்கு விழுந்தது. பிங்கோ ஆட வந்து தவறிப்போய்ச் சந்தாக் கட்டினவனுக்கு விழுந்தது. செத்துப்போன ஒரு புண்ணியவானுக்கு இரண்டு தடவை விழுந்தது. ஹெர்மீனியோவுக்கு இந்த வருஷம்தான் விழுந்தது.

கிரீடம் யார் தலைக்கு என்பதில் அவர் வீட்டில் வாக்குவாதமே கிடையாது. அவர் மனைவி தெயோலிண்டாவுக்கு எட்டு வயசில் தீவில் கிரீடம் வைப்பதாக இருந்தது. முந்தின நாள் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் பூசணிக்காய் ஆகிவிட்டது. கிரீடம் சித்தி மகள் எவுலாலியா தலைக்குப் போயிற்று. அந்த எவுலாலியாவும் பிழைக்க வேறு ஊர் கிடைக்காமல் இதே தெருவுக்கு வந்து, எதிர்வீட்டு இரண்டாம் மாடியில், ஜன்னலுக்கு நேராக, கிரீடம் வைத்த படத்தை மாட்டியிருந்தாள். அந்தப் படம் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே வந்தது என்று தெயோலிண்டா சத்தியம் செய்வாள். நாற்பது வருஷம் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவியவள் சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். நடுவில் கெவின் டன்லீவி வந்து விழுந்தார்.

டன்லீவி அந்த வருஷம் வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்கு நின்ற வேட்பாளர். செம்பட்டைத் தலை, முகமெல்லாம் கேழ்வரகு இறைத்த மாதிரி புள்ளி, பார்த்தால் அயர்லாந்தே எழுந்து நடந்துவருகிற மாதிரி இருப்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரு கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்து, “என் கொள்ளுப்பாட்டி உங்க சாவ் மிகேல் தீவுக்காரி. நானும் உங்க ரத்தம்தான்” என்று சொல்லிவிட்டார்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. எதிர்த்து நின்றவர் தொலைக்காட்சியில் டன்லீவியின் ஏழு தலைமுறை ஐரிஷ் முப்பாட்டன்களை வரிசையாக நிறுத்தி, “இதில் தீவு எங்கே?” என்று கேட்டார். டன்லீவி எச்சிலைக் குப்பியில் துப்பிச் சோதனைக்கு அனுப்பினார். ஒன்பது சதவீதம் அந்தப் பக்கத்து ரத்தம் என்று தாள் வந்தது. ரொட்டிக்கடையில் அந்த ஒன்பது சதவீதம் உடம்பில் எந்த இடம் என்று விவாதம் நடந்தது. முழங்காலுக்குக் கீழே என்றார்கள் சிலர். வாய் மட்டும் என்றார் கடைக்காரர்.

“அவன் மதெய்ராத் தீவுக்காரன்டா, நெத்தியைப் பாத்தாலே தெரியுது!”

“கேப் வெர்தேத் தீவுக்காரங்க நேத்தே சொந்தம் கொண்டாடிட்டாங்க. நீ போய் வரிசையில நில்லு.”

“எல்லாரும் எடுத்துக்கிட்டா அவனுக்குன்னு என்னய்யா மிஞ்சும்?”

சங்கத் தலைவர் குவால்டர் பஷேகோ இதையெல்லாம் கேட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். சங்கக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மழை நாளில் பிங்கோ ஆடுகிறவர்கள் குடை பிடித்துக்கொண்டுதான் ஆடுவார்கள். வாஷிங்டனில் ஆள் இருந்தால் கூரைக்கு வழி பிறக்கும் அல்லவா? நேரே ஹெர்மீனியோ வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

“இந்த ஞாயித்துக்கிழமை கிரீடத்தை டன்லீவிக்கு வைக்கலாம்னு இருக்கேன், அண்ணே.”

“சீட்டு என் பேர்ல விழுந்திருக்கு, குவால்டர்.”

“விதி ஏழு இருக்கே! வெளியூர்ப் பெரிய மனுஷர் விருந்தாளியா வந்தா, தலைவர் இஷ்டப்படி வைக்கலாம். பிஷப்புக்கு வைக்கலையா? அந்த பேஸ்பால்காரனுக்கு வைக்கலையா?”

“அவன் தலையில கிரீடம் இறங்கவே இல்ல. மூணு பேர் சேந்து அமுக்கினோம்.”

“அதெல்லாம் வேற. அண்ணிக்கு அடுத்த வருஷம் வைப்போம்.”

சமையலறையில் ஒரு பானை ‘டங்’கென்று வைக்கப்பட்டது. குவால்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

தெயோலிண்டா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “ஏ மனுசா, அடுத்த வருஷம்னா என்ன? இன்னும் நாப்பத்தொரு வருஷம். எனக்கு அப்ப நூத்திப் பத்து. தலை ஆடும், கிரீடம் நிக்காது.”

“நான் என்ன செய்யட்டும்?”

“அவன் போலின்னு காட்டு. நம்மாளுன்னு பொய் சொல்லி ஏமாத்தினவன்னு தெரிஞ்சா, சங்கத்துப் பொம்பளைங்களே கரண்டியோட துரத்துவாங்க. அவன் சொல்ற ஊரு உன் ஊருதானே? அந்த ஊர்ல இருந்து வந்து இங்க உயிரோட இருக்கிறது நீ ஒருத்தன்தான்.”

அதுவும் உண்மைதான். டன்லீவி சொன்ன ஊர் லொம்பா த பெத்ரா. மலைக்கும் கடலுக்கும் நடுவே செருகிவைத்த மாதிரி நாற்பது வீடு. கொள்ளுப்பாட்டி பெயர் மரியா த கொன்செய்சாவ். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தீவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது ஒரு மரியா த கொன்செய்சாவ் மேல் பட்டுத் தெறித்து இன்னொரு மரியா த கொன்செய்சாவ் மேல் விழும். அதனால்தான் அங்கே யாரும் பெயரால் ஆளை அடையாளம் சொல்வதில்லை. வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் இருக்கும். ‘எண்ணெய்த் தலையன் வீடு’, ‘எருமை மிரட்டி வீடு’ என்றால்தான் தபால்காரருக்கே வழி தெரியும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கல்லறைக்கு மட்டும்.

ஹெர்மீனியோ வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கப்பல் ஏறும்போது அதைக் கடலில் போட்டுவிட்டு வந்தார். கட்டின மனைவிக்கும் சொன்னதில்லை. அவள் வேறு ஊர்க்காரி என்பது அந்த விஷயத்தில் பெரிய வசதி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டன்லீவியை வீட்டுக்கு வரச் சொன்னார். கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசையில், பூக்களுக்கு நடுவே கிரீடம் உட்கார்ந்திருந்தது. அதன் உச்சியில் ஒரு வெள்ளிப் புறா. டன்லீவி மரியாதையாக அதற்கு ஒரு தலைவணக்கம் போட்டார்.

“ஒரே கேள்விதான் தம்பி. உங்க கொள்ளுப்பாட்டி வீட்டுக்கு என்ன பட்டப்பேரு?”

டன்லீவி விழித்தார். “பட்டப்பேரா? எனக்குத் தெரியாதே சார். ஃபிலோமினான்னு அவங்க கடைசிப் பொண்ணு இருக்காங்க. தொண்ணூத்தி நாலு வயசு. கேட்டுப் பாக்கட்டுமா?”

கைபேசியை மேசையில் வைத்தார். தெயோலிண்டா அந்நேரம் கீழே கோஸ் வாங்கப் போயிருந்தாள். ஹெர்மீனியோ தீவுப் பேச்சில் கேட்ட கேள்விக்கு, எதிர்முனையில் ஃபிலோமினா அதே பேச்சில் பொரிந்து தள்ள ஆரம்பித்தாள். டன்லீவிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தேர்தல் கூட்டத்தில் மாதிரியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“பட்டப்பேரா? சேவல் விழுங்கி வீடு! எங்கம்மா அடுத்த வீட்டுச் சேவலைத் திருடிக் குழம்பு வச்சுட்டா. வெள்ளைச் சேவல், ஒத்தக் கண்ணு. திருவிழாப் பூசையில கோயிலுக்குள்ளயே வந்து கூவுமாம். அதுக்குச் சொந்தக்காரன் மூணு நாள் கோயில் வாசல்ல உக்காந்து, பெத்த புள்ள செத்த மாதிரி அழுதிருக்கான். அவமானம் தாங்காம எங்கம்மா அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டா. அந்த அழுதவன் வீட்டுக்கு என்ன பேரு வந்தது தெரியுமா?”

ஹெர்மீனியோவுக்குத் தெரியும். சேவலுக்கு அழுதவன் வீடு. அந்த வீட்டில் பிறந்தவர்தான் அவர். அழுதவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. ஒற்றைக் கண் என்பது அந்த நாற்பது வீட்டையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத செய்தி.

ஆக, டன்லீவி அசல். எச்சில் குப்பி சொன்ன ஒன்பது சதவீதமும் அந்தச் சேவலைத் தின்ற ரத்தம்.

“என்ன சார் சொல்றாங்க?” என்றார் டன்லீவி, முகம் மலர்ந்து.

“நாளைக்குச் சங்கத்துல சொல்றேன்.”

அவரை அனுப்பிவிட்டு ஹெர்மீனியோ கிரீடத்துக்கு எதிரே உட்கார்ந்தார். ‘இந்த ஆள் போலி’ என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். எவுலாலியா படத்தைக் கழற்றி எறிவாள். தெயோலிண்டா சாகும்வரை அவருக்குக் கோதுமைச் சர்க்கரை ரொட்டி சுட்டுப் போடுவாள். அவர் பட்டப்பெயரும் கடலுக்கு அடியிலேயே கிடக்கும். உலகத்தில் எந்த நீதிமன்றமும் கண்டுபிடிக்காது. எல்லாம் சரி, அந்த வெள்ளிப் புறா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நகர்ந்தார், பார்த்தது. அந்தப் பக்கம் நகர்ந்தார், பார்த்தது. கடைசியில் ஒரு கைக்குட்டையால் அதன் தலையை மூடிப் பார்த்தார். கைக்குட்டை வழியாகவும் பார்த்தது.

புதன்கிழமை சாயங்காலம் சங்கக் கூடத்தில் நிற்க இடமில்லை. வராத ஆள் அந்த இரண்டு தடவை சீட்டு விழுந்த செத்தவர் மட்டும்தான். முன்வரிசையில் எவுலாலியா கைக்கடக்கமாக ஒரு கிரீடப் படம் கொண்டுவந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வெங்காயம் உரிக்கிற பெண்கள் பின்னால் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கத்தியோடு தெயோலிண்டா.

“சொல்லுங்க அண்ணே,” என்றார் குவால்டர். “நம்மாளா, இல்லையா?”

ஹெர்மீனியோ எழுந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் வெற்றிச் சிரிப்போடு வெங்காயத்தின் தலையைச் சீவினாள்.

“நம்மாளுதான்,” என்றார்.

கத்தி நின்றது.

“சேவல் விழுங்கி வீட்டுக் கொள்ளுப்பேரன். அவங்க தின்ன சேவல் எங்க வீட்டுச் சேவல். அதுக்காக என் கொள்ளுத்தாத்தா மூணு நாள் அழுதாரு. எங்க வீட்டுக்குப் பேரு...” தொண்டையைச் செருமினார். “சேவலுக்கு அழுதவன் வீடு.”

கூடம் சிரித்த சிரிப்பில் கூரையில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த காரையும் விழுந்தது. எவுலாலியா நாற்காலியோடு சாய்ந்தாள்.

“மூணு நாளாமே, அழுதது? கண்ணீருக்கு உப்புப் பத்துச்சா?”

“சேவலுக்கு அடக்கப் பூசை வச்சீங்களா, மாமா?”

டன்லீவிக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். மனிதர் காது வரை சிவந்து, பிறகு கண் கலங்கி, “நான் சொன்னேன்ல? நான் உங்காளுன்னு சொன்னேன்ல?” என்று பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தார்.

குவால்டர் மேசையைத் தட்டினார். “ஆக, சந்தேகம் தீர்ந்தது! இவர் நம்மவர்! ஞாயித்துக்கிழமை கிரீடம்...”

“தலைவரே!”

தெயோலிண்டா எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர். வெங்காயத்தாலா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

“நம்மாளுதானே இவரு?”

“ஆமா அண்ணி. இப்பத்தானே உங்க வீட்டுக்காரரே சத்தியம் பண்ணாரு.”

“வெளியூர் விருந்தாளி இல்லையே?”

“சே சே! அசல் நம்ம ரத்தம்.”

“அப்ப விதி ஏழு இவருக்கு எப்படிச் செல்லும்? நம்மாளுக்குச் சீட்டு விழுந்தாத்தானே கிரீடம்? எத்தனை வருஷமா சீட்டுப் போட்டாரு இவரு?”

குவால்டர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வெங்காயப் பெஞ்சியிலிருந்து கைதட்டல் கிளம்பி முன்வரிசை வரை வந்தது. ஹெர்மீனியோ மெல்ல நடந்து போய் அந்தச் சிவப்புப் பையை எடுத்துவந்து, ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் டன்லீவி கையில் கொடுத்தார்.

“எழுதுங்க தம்பி. வீட்டுக்கு வந்துட்டீங்க.”

டன்லீவி எழுதிப் பைக்குள் போட்டார். “எவ்வளவு நாள் ஆகும் சார்?”

“எனக்கு நாப்பத்தொண்ணு. நீங்க சின்னப் பையன், சட்டுனு ஓடிடும்.”

ஞாயிற்றுக்கிழமை தெயோலிண்டா கிரீடத்தோடு கோயில் படி இறங்கியபோது, தெருவே அவளுக்காக அகலமாகிக் கொடுத்தது. எவுலாலியா வீட்டு ஜன்னலுக்கு நேராக வந்ததும் அவள் நின்றாள். தலையை இடது பக்கம் காட்டினாள். வலது பக்கம் காட்டினாள். பாதிரியார் இருமினார். அதற்கப்புறம் ஒருமுறை நேராகவும் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

சங்கக் கூடத்தில் டன்லீவி இடுப்பில் சமையல் துண்டு கட்டிக்கொண்டு, ரொட்டித் துண்டுகளின் மேல் மாட்டுக்கறிக் குழம்பை ஊற்றி, புதினாக் கொத்து வைத்துப் பரிமாறினார். நம்மாள் ஆகிவிட்டால் அதுதான் முதல் உத்தியோகம். பாதிக் குழம்பு சாப்பிடுகிறவர்கள் மடியில் விழுந்தது. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. “ஏ சேவல் விழுங்கி, இந்தப் பக்கம் கறி வரல!” என்று நாலா பக்கமும் கூப்பிட்டார்கள். எந்தத் தேர்தல் சுவரொட்டியும் அந்தப் பெயரை இவ்வளவு சீக்கிரம் ஊருக்குள் கொண்டுபோயிருக்காது.

பந்தி முடிந்ததும் டன்லீவி ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிவந்து ஹெர்மீனியோ முன்னால் வைத்தார். பெட்டிக்குள் ஏதோ படபடத்தது.

“எங்க கொள்ளுப்பாட்டி சார்பா, சார். கொஞ்சம் தாமதமாயிடுச்சு.”

மூடியைத் திறந்தார். வெள்ளைச் சேவல். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது, அந்த ஒரு குறைதான். அது கழுத்தை நீட்டி, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்து, ஒலிபெருக்கியை விழுங்கின மாதிரி ஒரு கூவு கூவியது.

ஹெர்மீனியோ அதைக் கையில் எடுத்தார். மூக்கு சிவந்தது. கொள்ளுத்தாத்தா விட்டுப்போன கண்ணீர் அவர் கன்னத்தில் இறங்கிவிட்டது.

கிரீடம் சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு தெயோலிண்டா எட்டிப் பார்த்தாள்.

“பாருங்கடி எல்லாரும்!” என்று கூவினாள். “அழுறாரு!”