அழுதால் ஆளுக்கொரு பிஸ்கட்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவருக்குக் குரல் மட்டும் மெதுவாக இருக்குமா என்ன? வீட்டுக்குள்ளேயும் கூட்டத்தில் பேசுகிற மாதிரிதான் பேசுவார். "பக்கத்துலதானே இருக்கேன், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று மனைவி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள். பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த மாமியார் மட்டும் அதை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அந்தம்மாவுக்குப் பிடிக்காதது வேறு, நாய்கள்.

பெரியது தலைவர், சின்னது வாலு. மழையில் நடுங்கிக் கிடந்த இரண்டையும் மைக் செட்காரர்தான் தூக்கி வந்து பால் புகட்டி வளர்த்தார். மாமியார் வந்த அன்றைக்கே, பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"குழந்தை வந்து ஒரு வாரம் பாப்பேன் மாப்பிள்ளை. அதுக்குள்ள ஏதாவது தொந்தரவுன்னா ரெண்டையும் என் தம்பி மரக்கடைக்கு அனுப்பிடணும். அவன் காவலுக்கு நாய் தேடி அலையறான்."

இரண்டும் இல்லாத வீட்டுக்குள் அவர் எப்படி நுழைவது?

சும்மா விடுவாரா மனுஷன்? அக்கா பேரன் அழுததைப் பதிவு செய்து வந்து, நாய்களுக்குப் பழகட்டும் என்று ஆளுயர ஸ்பீக்கரில் போட்டார். நாய்கள் கட்டிலுக்கடியில் பதுங்கின. எதிர்வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்து, "குழந்தை எப்பப் பொறந்துச்சு, ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கோபித்துக்கொண்டார். அப்போது மனைவிக்கு எட்டாம் மாதம்.

பிறகு சத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு அழுகைக்கும் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். பயம் போயே போச்சு. கூடவே ஒரு வம்பும் வந்து சேர்ந்தது. அழுகை கேட்டால் போதும், இரண்டும் விழுந்தடித்து ஓடி வந்து, கண்ணில் பட்டவர் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்க்கும். பிஸ்கட் விழும்வரை நகராது.

பாப்பா வீட்டுக்கு வந்த அன்றும் அதே கூத்துதான். "பச்சைக் குழந்தை தொண்டை கிழிய அழுவுது, இதுங்களுக்குத் தீனி கேக்குது" என்று மாமியார் முகத்தைச் சுளித்தாள். மைக் செட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறே இறங்கவில்லை.

ஆறாம் நாள் மதியம், மறந்துவிட்ட ஒயரை எடுக்க வீட்டுக்கு வந்தார். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் பாப்பா வீறிட்டு அழுதது. கூடத்தில் மாமியார் தன் பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், திரும்பக்கூட இல்லை. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்க வாயெடுப்பதற்குள் தலைவரும் வாலுவும் பாய்ந்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்தன.

மாமியார் கத்தியைக் கீழே வைத்தாள். மடியிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்துப் போட்டாள். "இதோ போறேன்டா, போறேன்" என்று அவற்றிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடிப் போய்க் குழந்தையைத் தூக்கி வந்தாள். அப்போதுதான் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவள் முகம் செத்துவிட்டது.

"ரெண்டு வருஷமாவே காது மந்தம் மாப்பிள்ளை. நீங்க பேசறது ஒண்ணுதான் நல்லாக் கேக்கும். தெரிஞ்சா என் பொண்ணு என்னை நம்பிக் குழந்தையை விட்டுட்டு வேலைக்குப் போவாளா? யார்கிட்டயோ குடுத்துட்டுப் போயிடுவா. எனக்கு என் பேத்தி வேணும்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பேசினால் தெரு முழுக்கக் கேட்குமே.

"தம்பிகிட்ட வேற நாய் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்றாள் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மனைவி ஈரத்தலையோடு வந்தாள். "பாப்பா அழுதாளா?"

மாமியாருக்கு அது கேட்கவில்லை. மருமகனைப் பார்த்தாள்.

"பாப்பா அழுதாளான்னுதானே கேக்கறே?" என்று மைக் செட்காரர் வீடு அதிரச் சொன்னார். "சிணுங்கினதுமே அத்தை ஓடிப்போய்த் தூக்கிட்டாங்க."