நஞ்சம்மாளின் இருமல்

நேஹாவின் மூக்கில் நர்ஸ் குழாயைச் செலுத்தியபோது, கனகம் மகளின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மூன்றரை வயதுக் குழந்தை; எடை பத்து கிலோ. விடிந்ததும், படுக்கையை விட்டு எழும் முன்பே வயிற்று நீரை எடுக்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அழ மூச்சில்லாமல் குழந்தை வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. குழாயில் மஞ்சளாக, வழவழப்பாக நீர் ஏறியது.

காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர் உம்மல் குல்சும் அந்தச் சின்ன பாட்டிலை வாங்கிப் பெயர்ச்சீட்டு ஒட்டினாள்.

"வயித்துத் தண்ணியில எப்படீங்க நெஞ்சுச்சளி இருக்கும்?" என்று கனகம் கேட்டாள்.

"சின்னப் புள்ளைங்களுக்குக் காறித் துப்பத் தெரியாதுங்க. முழுங்கிப்போடும். முழுங்குனது காலைல வயித்துலதான் கெடக்கும். மிசின்ல வெச்சா ரெண்டு மணி நேரத்துல சொல்லிப்போடும்."

நேஹாவுக்கு இருமல் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கனகம் வேலை செய்யும் நூல் மில்லுக்குப் பக்கத்து டாக்டர் மூன்று தடவை சிரப் எழுதினார். அப்புறம் வீசிங் என்று ஆவி பிடிக்கச் சொன்னார். ஒரு லேப்பில் டப்பாவைக் கொடுத்துச் சளியைத் துப்பச் சொன்னார்கள். நேஹா எச்சிலைத்தான் துப்பினாள். அந்த நுரையைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நம்பி கனகம் மறுபடி ஷிப்டுக்குப் போனாள். குழந்தையின் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்த பிறகுதான் லீவு கேட்டு இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

பத்து மணிக்குள் குல்சும் திரும்பி வந்துவிட்டாள்.

"டி.பி. தானுங்க. ஆனா மாத்திரைக்குக் கேக்கற வகை. ஆறு மாசம் ஒரு நாள்கூட உடாம குடுத்தா நல்லாயிரும்."

கனகம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக நோய்க்கு ஒரு பெயர் கிடைத்திருந்தது.

"பெரியவிய யாரோ இருமித்தான் புள்ளைக்கு வந்திருக்கோனும்" என்றாள் குல்சும். "உங்களுக்கும் உங்க ஊட்டுக்காரருக்கும் நேத்து எடுத்த எக்ஸ்ரே நல்லா இருக்குது. பகல்ல பாப்பா எங்க இருப்பா?"

"மில்லுல புள்ளைங்க ரூம் இருக்குதுங்க. அங்கதான்."

"பாத்துக்கறது யாரு?"

கனகம் மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

நஞ்சம்மாள் அதே மில்லில் இருபது வருடம் பஞ்சு பிரிக்கும் இடத்தில் வேலை செய்தவள். புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. மூச்சு வாங்குகிறது என்று அவளைக் குழந்தைகள் அறைக்கு மாற்றியிருந்தார்கள். அவள் மடியில் உட்கார்ந்தால்தான் நேஹா சாப்பிடும். ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டும்போதே நஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானைக்குள் இருமுவாள். போன மாதம் ஒரு நாள் அந்த முந்தானையை கனகத்திடம் காட்டினாள். ஓரத்தில் ரத்தம்.

"யார்கிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

கனகம் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் நேஹாவை அந்த மடியில்தான் விட்டுவிட்டுப் போனாள்.

"அங்க இன்னும் எத்தன புள்ளைங்க?" என்று குல்சும் மறுபடி கேட்டாள்.

"ஆறுங்க." கனகம் மகளின் போர்வையை இழுத்துவிட்டாள். "பேரைச் சொன்னா அவிய பொழப்புப் போயிருமுங்க."

"வேலையை விட்டு எடுக்கச் சொல்லி நாங்க சொல்ல மாட்டோமுங்க. கொஞ்ச நாள் லீவு குடுத்து மருந்து ஆரம்பிச்சா, அப்புறம் யாருக்கும் பரவாது. மத்த ஆறு புள்ளைங்களையும் டெஸ்ட் பண்ணிரலாம். சொல்லுங்க அம்மணி."

கனகம் சொன்னாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் வருவதாக குல்சும் மில் ஆபீசுக்குப் போன் செய்தாள். போனபோது கேட்டைத் திறக்கவில்லை. வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ்காரர் ஜன்னல் வழியாகவே பேசினார்.

"அந்தம்மா நேத்தே வேலைய உட்டு நின்னுட்டாங்க. எங்க மில்லுல அந்த மாதிரி சீக்கெல்லாம் இல்லீங்க."

நஞ்சம்மாளின் போன் அணைந்திருந்தது. அவள் குடியிருந்த லைன் வீட்டில் பூட்டுத் தொங்கியது. பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரு பையோடு ஏறினாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பொள்ளாச்சியில் யாரிடம் போனாள் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் கனகம் வேலைக்கு வந்தாள். நேஹா மாத்திரையோடு வீட்டில் அப்பாவிடம் இருந்தாள். லாரி வேலைக்குப் போகாமல் அவன்தான் பார்த்துக்கொண்டான். குழந்தைகள் அறை பூட்டியிருந்தது. பாய்களைப் பினாயில் போட்டு அலசி வெளியே காயப் போட்டிருந்தார்கள். 'மறு அறிவிப்பு வரை காப்பகம் இயங்காது' என்று கதவில் தாள் ஒட்டியிருந்தது.

உள்ளே, ஓடிக்கொண்டிருந்த மிஷின்களுக்கு இடையில், அட்டைப் பெட்டிகள் மேல் ஆறு குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு படிந்திருந்தது. யாரையும் இதுவரை டெஸ்டுக்குக் கூட்டிப் போகவில்லை. கனகம் இரண்டு பேரின் அம்மாக்களிடம் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் அறுந்த இழையைப் பார்த்தார்கள்.

கடைசிப் பெட்டியில் இருந்த இரண்டு வயது பிரீத்திகாவுக்கு இருமல் கிளம்பியது. சூப்பர்வைசர் அந்த வரிசையில் வந்துகொண்டிருந்தார். பிரீத்திகாவின் அம்மா ஒரு கையால் இழையை ஒட்டவைத்தபடியே, இன்னொரு கையால் குழந்தையின் வாயை அழுத்தி மூடினாள். அவர் கடந்து போகிறவரை கையை எடுக்கவில்லை.