டார்சி வண்டியின் பின்னாட்டம்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் குவீன்ஸ்லாந்தில் மோட்டார் சைக்கிளைக் கழுவும் வழக்கம் இல்லை. தண்ணீர் மாட்டுக்கே போதாது. தவிர, கழுவினால் பின்னால் ஏறும் நாய்க்கே வண்டி அடையாளம் தெரியாமல் போய்விடும். எங்கள் பண்ணையில் ஒருவன் ஒரே ஒரு முறை கழுவினான். அவன் டார்சி.

மோட்டார் சைக்கிளில் போய் மாடு திரட்டும் வேலை மறுநாள் தொடங்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து அவன் வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. டார்சி இடப்பக்கம் திரும்பினால், பின்சக்கரம் வலப்பக்கம் போகலாமா என்று யோசித்தது. மேலாளர் ராய்ஸ் கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

"காலையில இது நேரா ஓடலைன்னா நீ சமையல்காரி பெரிலோட லாரில ஏறிக்கோ. உருளைக்கிழங்கு உரிக்க ஆள் வேணுமாம்."

டார்சிக்கு முகம் தொங்கிவிட்டது. மீசை முளைத்த நாளிலிருந்து மாட்டுக்குப் பின்னால் ஓடியவன். நான் பண்ணையில் பம்பு பழுது பார்ப்பவன் என்பதால் என்னிடம் வந்தான்.

வண்டியைக் காலி டிரம் மேல் ஏற்றினோம்; பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கியது. சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்தேன், அசையவில்லை. சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பிடித்து உலுக்கினேன். அதுவும் கல்லாக நின்றது. பிறகு சக்கரத்தை மெதுவாக மேலே தூக்கினேன். அதிர்வு தாங்கும் ஷாக் அமுங்கத் தொடங்கும் முன்பே 'டொக்' என்றது.

"கேட்டியா? நான் தூக்கித் தூக்கி விடறேன். நீ ஒவ்வொரு மூட்டுலயும் விரல வெச்சுப் பாரு."

"மேல இல்ல... கீழ இல்ல... யோவ் கிழவா, இங்க! இந்த லிங்க்ல! விரல்ல தட்டுது!"

ஷாக்கையும் ஸ்விங் ஆர்மையும் சேர்க்கும் சின்ன இரும்புத் துண்டு அது. போல்ட்டை உருவினோம். பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

"பேரிங் எங்கடா?"

"யாருக்குத் தெரியும்? நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு."

அப்போதுதான் வண்டியை முழுசாகப் பார்த்தேன். நீலமாக இருந்தது.

"டார்சி. கழுவினியா?"

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். "பெரில் கேட்டா, உன் வண்டி என்ன கலருன்னு. செவப்புன்னேன். அது மண்ணோட கலரு, வண்டி கலரச் சொல்லுன்னா. எனக்கே தெரியல."

"இப்பத் தெரிஞ்சுதா?"

"நீலம்" என்றான் துக்கத்தோடு.

பேரிங் எப்போதோ தேய்ந்து உதிர்ந்து காலமாகிவிட்டது. அதன் இடத்தில் கிரீஸும் செம்மண்ணும் செங்கல்லாக இறுகி வேலை பார்த்திருக்கின்றன. அந்த வேலையாளைத்தான் இவன் கழுவி வெளியேற்றிவிட்டான். புதுப் பேரிங் தபால் லாரியில் வருவதற்குள் மாடுகள் விற்றே போயிருக்கும்.

வற்றிய குட்டையிலிருந்து களிமண் வெட்டிவந்து, கிரீஸில் பிசைந்து ஓட்டையில் அடைத்து, போல்ட்டைச் செருகி வெயிலில் வைத்தோம். எங்கள் ஊர் வெயில். டீ குடித்து முடிப்பதற்குள் சூளை வேலை பார்த்துவிட்டது. தூக்கிப் பார்த்தேன். டொக் இல்லை.

காலையில் ராய்ஸ் முன்னால் டார்சி கொட்டகையைச் சுற்றினான். வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போனது. ராய்ஸ் தலையாட்டப் போன நேரம், பின்னால் இருந்து 'க்ராக்' என்று ஒரு குரல்.

"என்னய்யா அது?"

மழை வரும்வரை தவளை களிமண்ணுக்குள் புதைந்து தூங்கும் என்பது பிசைந்தபோது எங்களுக்கு நினைவில்லை.

"ஆட்டம் வந்தா சத்தம் குடுக்கும். புது ஏற்பாடு" என்றேன்.

ராய்ஸ் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார். மயிரிழை ஆட்டம் இருக்கத்தான் செய்தது. 'க்ராக்.' டார்சி விரலால் கொஞ்சம் களிமண் திணித்தான். மறுபடி தூக்கினார். சத்தம் இல்லை.

"சரி, போ" என்றார். அவர் மனம் மாறுவதற்குள் டார்சி தூசியாகிவிட்டான்.

அந்தப் பருவம் முழுக்க உருளைக்கிழங்கைப் பெரிலே உரித்தாள். கடைசி நாளன்று வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். அது பழையபடி சிவப்பாகியிருந்தது.

"நீலம்னு சொன்னியே, பொய்யா? கழுவிக் காட்டு."

"முடியாது பெரில்" என்று டார்சி குரலைத் தாழ்த்தினான். "உள்ள ஆள் தூங்குது."