சத்தமில்லாத பிரேக்

எண்பத்தாறாம் ஆண்டு தனபாலன் கார் வாங்கினான். மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில், அவன் குடும்பம் இருந்த தொழிலாளர் லயத்துக்குள் வந்த முதல் புதுக் கார் அதுதான். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் அவன் சூப்பர்வைசர். வருஷக்கணக்காக மழையில் நனைந்து மோட்டார் சைக்கிளில் போய் வந்தவன். காரைக் கோயில் வாசலில் நிறுத்திப் பூசை போட்ட அன்று, அவன் அப்பா இருசப்பன் சட்டை போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவர், இறங்கவே மனமில்லாமல் இருந்தார்.

கொஞ்ச நாளில் பிரேக் சத்தம் போட ஆரம்பித்தது. காலை வைத்ததும் கிரீச்சென்று ஒரு கத்தல். லயத்து நாய்கள் எழுந்து குரைத்தன. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் செல்லன் ஒரு நாள் கடை முன்னால் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"என்னா தம்பி, புதுக் காடியா, தோட்டத்துப் பழைய லோரியா? தூரத்துலயே தெரியுது லா நீ வர்றது."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். தனபாலனும் சிரித்தான். வீட்டுக்கு வந்தபின் சாப்பிடவில்லை.

கார் விற்ற கடைக்குப் போய்ச் சொன்னான். கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக்கில் கோளாறு எதுவும் இல்லை, புதுசில் சில வண்டி இப்படித்தான் கத்தும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். மறுபடி போனான். மறுபடி அதே பதில்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை நவமணிக்குச் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதாக ஏற்பாடு.

அன்று காலை, தட்டுகளைத் துடைத்து வைத்துவிட்டுத் தனபாலனின் மனைவி லீலாவதி பின்பக்கம் வந்தாள். கார் ஜாக்கியில் நின்றது. முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவன் குனிந்திருந்தான். கையில் அவளுடைய தையல் மிஷின் எண்ணெய்க் குப்பி.

"என்ன பண்றீங்க?"

"சத்தம் போகட்டும்னுதான். அந்தப் பக்கம் முடிச்சிட்டேன்."

"பிரேக்ல போய் எண்ணெய் விடலாமா?"

"உனக்கு என்ன தெரியும்? சம்பந்தி வீட்டு வாசல்ல போய் கிரீச்சுன்னு நிக்கச் சொல்றியா?"

அவள் உள்ளே போய்ப் பழங்களைத் தட்டுகளில் அடுக்கினாள். நல்ல காரியத்துக்குப் போகிற நேரத்தில் சண்டை வேண்டாம் என்று நினைத்தாள்.

இருசப்பன் முன்னால் உட்கார்ந்தார். மாமியார் நல்லம்மாளும் லீலாவதியும் பழத்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். தோட்டத்துச் செம்மண் பாதையை விட்டு வெளியே வரும்போது தனபாலன் பிரேக்கை மெல்ல அழுத்தினான். சத்தமே இல்லை. "பாத்தியாப்பா?" என்றான். பெரியவர் தலையை ஆட்டினார்.

ஆனால் லீலாவதி அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முச்சந்தியில் நிறுத்தும்போது அவன் சீட்டிலிருந்தே எழும்பி அழுத்த வேண்டியிருந்தது. அப்படியும் கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

"கொஞ்சம் ஓரமா நிறுத்திப் பாருங்களேன்."

"நேரமாச்சு. பேசாம வா."

தஞ்சோங் காராங்கில் வாய்க்காலை ஒட்டிய சாலை. வயல் வரப்பிலிருந்து ஒரு மலாய்க்காரர் சைக்கிளில் மூட்டையோடு சாலைக்கு ஏறினார். நிறுத்தப் போதுமான தூரம் இருந்தது. தனபாலன் பிரேக்கை மிதித்தான். கார் வழுக்கிக்கொண்டே போனது. "ஐயோ, நிக்கலப்பா!" என்று கத்தினான். ஹாரனை அழுத்தினான். சைக்கிளின் பின்சக்கரத்தில் இடித்து, கார் மண்மேட்டில் ஏறி நின்றது. மனிதர் வாய்க்கால் சரிவில் கிடந்தார். ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

சாலையோரக் கடைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரும் அடிக்கக் கை ஓங்கவில்லை. அவரைத் தூக்கி ஒரு வேனில் ஏற்றினார்கள். அவர் பெயர் சுலைமான் என்றும், சொந்தமாகக் கொஞ்சம் வயல் வைத்திருக்கிறார் என்றும் யாரோ சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து கேட்டபோது தனபாலன் சொன்னான்: "புதுக் கார், துவான். பிரேக் பிடிக்கல. கடையில ரெண்டு தடவை கம்ப்ளேன் பண்ணேன், கேக்கல." இருசப்பன் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு, கடைக்காரர்களை விசாரிப்பதாகச் சொல்லிவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனார்.

அவன் சொன்னதைக் கேட்டபடி நடையில் சுலைமானின் மனைவி உட்கார்ந்திருந்தாள். லீலாவதி பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல தப்பு இல்ல, காடிதான் அப்படி. வயித்துல பிள்ளை கிள்ளை இல்லையே? உனக்கு அடி ஒண்ணும் படலையே?" என்று மலாயில் கேட்டாள். லீலாவதிக்கு அந்தக் கையைத் தாங்க முடியவில்லை. எழுந்து கணவனிடம் போனாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? வேலை போயிடும். நவமணி கல்யாணம் நின்னுடும்."

"அந்தக் கடைக்காரங்க என்ன பண்ணாங்க? நல்லாத்தான் இருந்துச்சு வண்டி. நாமதான கெடுத்தோம்?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லீலாவதி திரும்பிப் போய் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் மறுபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். லீலாவதி தெரிந்த மலாயில் திக்கித் திணறி, காலையில் நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு, பிடித்திருந்த கையை மெதுவாக விட்டுவிட்டாள்.

போலீஸ்காரர் திரும்பி வந்தார். லீலாவதி எழுந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு தனபாலன் போனான்.

"துவான், நான் சொன்னது பொய். நான்தான் பிரேக்ல எண்ணெய் விட்டேன்."

இருசப்பன் மகனைப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கோர்ட்டில் தனபாலன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதம் போட்டார்கள், லைசென்ஸைப் பறித்தார்கள். வேலை போகவில்லை, பஸ்ஸில் போய் வந்தான். மாப்பிள்ளை வீட்டார் இப்போது வேண்டாம், பிறகு பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குமேல் அங்கிருந்து பேச்சே இல்லை.

"பொம்பளை வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா நவமணி கழுத்துல தாலி ஏறியிருக்கும்" என்று நல்லம்மாள் அடுப்படியில் நின்று சொன்னாள்.

"விடும்மா. அண்ணிய ஏன் திட்டுற? அந்த மனுசன் செத்திருந்தா?" என்றாள் நவமணி. ஆனால் அன்று முழுவதும் அவளும் அண்ணி பக்கம் வரவில்லை.

தனபாலன் மனைவியோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். சோறு போட்டால் சாப்பிட்டான். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு லீலாவதி பழம் வாங்கிக்கொண்டு தஞ்சோங் காராங் பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். சொல்லாமலே அவனும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான். சுலைமானின் பலகை வீட்டுப் படிக்குக் கீழே இருவரும் நின்றார்கள். காலில் மாவுக்கட்டோடு அவர் ஜன்னலருகே படுத்திருப்பது தெரிந்தது. வெளியே எல்லா வயலிலும் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடையதில் தண்ணீர் மட்டும் நின்றது.

அவர் மனைவி படியில் வந்து நின்றாள். பழப்பையை வாங்கிக்கொண்டாள். மேலே வரச் சொல்லவில்லை.

"வயல்ல நட ஆள் இருக்கா?" என்று தனபாலன் மலாயில் கேட்டான்.

"இல்ல" என்றாள் அவள். "உனக்கு நடத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிக் கொடுத்தா செய்வேன்."

அவள் உள்ளே போனாள். புருஷனிடம் ஏதோ பேசுவது கேட்டது. இருவரும் வெயிலில் காத்து நின்றார்கள்.

"ரொம்ப நேரமாகும் போல. நீ அந்த மர நிழல்ல நில்லு" என்றான் தனபாலன்.

லீலாவதி நகரவில்லை. அவன் பக்கத்திலேயே நின்றாள்.