ஓடையை மறித்த மண்

மேலேரிப்பட்டு கிராம சபையில் அந்தச் சுதந்திர தினத்தன்று முதலில் பறந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஷிபானாவின் தலைக்குக் குறிவைத்து எறியப்பட்டது. பக்கத்தில் நின்ற வார்டு உறுப்பினர் ஆதிலட்சுமி சட்டென்று கையைக் குறுக்கே நீட்டினாள். நாற்காலியைத் தொடர்ந்து வந்த இரும்புக் கம்பி அந்த முழங்கையை உடைத்தது. எலும்பு முறிகிற சத்தம் மைக்கில் கேட்டதாக ஊரில் பிறகு பேசிக்கொண்டார்கள்.

கம்பியை வீசியவன் சுப்பிரமணி. தேவராஜனின் செங்கல் சூளையில் மேஸ்திரி. அவனுக்குப் பின்னால் இருந்த ஆட்கள் மேடையில் ஏறி மேசையைக் கவிழ்த்தார்கள். எதிரே வந்த பெண்களைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்கள். ஷிபானாவின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. தேவராஜன் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

இத்தனைக்கும் அவள் கேட்டது ஒரு ஓடையைத்தான். ஷிபானா உத்திரமேரூர் கடைத்தெருவில் பம்புசெட்டு சாமான் கடை வைத்திருந்த வஹாபின் மகள். ஏனாத்தூரில் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படித்தாள். வறட்சியையும் வெள்ளத்தையும் ஒரு கிராமம் எப்படித் தாங்குகிறது என்பது அவளுடைய கடைசி வருட ஆய்வு. அதற்காக இரண்டாயிரத்து ஐந்து கோடை முழுவதும் மேலேரிப்பட்டின் ஏரிக்கரையில் நடந்தாள். ஏரி நிரம்பினால் மிஞ்சும் தண்ணீர் கலங்கல் வழியாக ஓடையில் இறங்கிச் செய்யாற்றுப் பக்கம் போக வேண்டும். ஆனால் மழையே இல்லாமல் போன வருடங்களில் தேவராஜன் அந்த ஓடையை மண்கொட்டி மறித்து, மேடாக்கி, சூளையை அதன்மேல் விரித்துவிட்டார். ஏரியில் குடிக்கத் தண்ணீர் இல்லாத காலத்தில் வெளியே போகும் தண்ணீரைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? பெருமழை வந்தால் தண்ணீர் கரையை உடைக்கும்; கரைக்குக் கீழே காலனி.

இதை அவள் ஆதிலட்சுமியிடம் சொன்னாள். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம், சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது என்றாள். காலனியில் குடியிருந்த ஆதிலட்சுமி எழுந்து பேசினாள். பேசி முடிக்கவில்லை.

போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. வழக்கு எதுவும் பதிவாகவில்லை. வஹாப் மகளின் நெற்றித் தையலைப் பார்த்துவிட்டு, இனி அந்த ஊர்ப் பக்கம் போனால் படிப்பே வேண்டாம் என்றார். அவள் போனாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு திரும்பியிருந்த ஆதிலட்சுமி அவளை உட்காரச் சொல்லவில்லை.

"நீ பஸ் ஏறிப் பூடுவ பாப்பா. நாங்க இங்கயேதான் கீறோம். என்னிய மட்டும் எய்ந்து பேசச் சொன்ன. தனியா நின்னா கைய ஒடிப்பாங்க. ஊரு மொத்தமும் நின்னா இன்னா பண்ணுவாங்க?"

அந்தக் கேள்விதான் ஷிபானாவை வீடு வீடாகப் போக வைத்தது. முந்தைய வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது, நடக்க முடியாதவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களைப் பள்ளிக்கூட மாடிக்கு யார் தூக்கிப்போவது என்றெல்லாம் பேசினாள். ஐப்பசிக்குள் தெருவுக்கு ஒரு குழு வந்துவிட்டது. சூளை ஆட்கள் குடியிருந்த வரிசைக்கும் ஒருமுறை போனாள். சுப்பிரமணியின் மனைவி செல்லாயி முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தினாள். ஷிபானா திரும்பி வந்துவிட்டாள், மறுபடி போகவில்லை.

மழை அந்த வருடம் பேய்த்தனமாக அடித்தது. கார்த்திகையில் ஏரி தளும்பியது. கரையில் ஆங்காங்கே தண்ணீர் கசிந்து மண் வழுக்கத் தொடங்கியதும் தெருக்குழுக்கள் கிழவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போயின. தாசில்தார் ஆபீசுக்குப் போன் போட்டால் சாலை அறுந்துவிட்டது, வர வழியில்லை என்றார்கள். விடிந்ததும் ஊர் மண்வெட்டிகளோடு சூளை மேட்டுக்குப் புறப்பட்டது. மூன்று நாளாக மழையில் ஊரிலேயே மாட்டிக்கொண்டிருந்த ஷிபானாவும் ஒரு மண்வெட்டியோடு கூடப் போனாள்.

மேட்டில் சுப்பிரமணியும் அவன் ஆட்களும் கம்பியும் அரிவாளுமாக நின்றார்கள். மழைக்கு முன் அறுத்து அடுக்கிய, இன்னும் சுடாத பச்சைக்கல் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஓடையைத் திறந்தால் அத்தனையும் சேறு. தேவராஜன் பின்னால் ஜீப்புக்குள் இருந்தார்.

ஆதிலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். கல்லுக்கு ஊரே சேர்ந்து ஈடு தரும், உயிருக்கு யார் தருவார்கள் என்று கேட்டாள். பதிலுக்கு ஒரு அரிவாள் அவளுடைய தம்பி செங்கேணியின் தோளில் இறங்கியது. அவன் சத்தமில்லாமல் முழங்காலிட்டு விழுந்தான். மழைத்தண்ணீரில் ரத்தம் காவியாகக் கரைந்து ஓடியது. அதன்பிறகு யாரும் யாரையும் தடுக்கவில்லை. மண்வெட்டிக் காம்புகள் முதுகில் விழுந்தன. ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்தான். பெண்கள் செங்கல்லை எடுத்து முகத்தில் இடித்தார்கள். சேற்றில் எழுவதும் விழுவதுமாக மனிதர்கள் அடையாளம் தெரியாமல் புரண்டார்கள்.

அந்தக் கலவரத்துக்கு நடுவே சுப்பிரமணி ஆதிலட்சுமியைக் கீழே தள்ளி, கம்பியைத் தலைக்குமேல் ஓங்கினான். சரியாகக் கூடாத கையை அவள் மறுபடியும் குறுக்கே தூக்கினாள். ஷிபானா யோசிக்கவில்லை. மண்வெட்டியைப் பக்கவாட்டில் வீசினாள். அது அவன் முழங்காலுக்குக் கீழே எலும்புவரை போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. அவன் அவளைப் பார்த்தபடியே சரிந்தான். அவன் அலறியதும் மற்ற ஆட்கள் ஓடினார்கள். ஜீப்பும் போய்விட்டது.

ஊர் வெட்டத் தொடங்கியது. கடைசி மண் கரைந்ததும் ஏரித்தண்ணீர் உறுமிக்கொண்டு ஓடையில் பாய்ந்து, பச்சைக்கல்லையும் தார்ப்பாயையும் கொட்டகையையும் வாரிக்கொண்டு போனது. கரை நின்றது. காலனி நின்றது. பிறகு ஷிபானாவும், அலறல் கேட்டு ஓடிவந்த செல்லாயியும், இன்னும் சிலரும் சுப்பிரமணியையும் செங்கேணியையும் கயிற்றுக் கட்டில்களில் வைத்து, மார்பளவு தண்ணீரில் சாலை அறுந்த இடத்துக்கு அப்பால்வரை சுமந்தார்கள். செங்கேணி பிழைத்தான். சுப்பிரமணிக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

காலை வெட்டியது யார் என்று போலீஸ் கேட்டபோது ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை என்றார்கள். சுப்பிரமணியும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை தன்னைச் சாய்த்தாள் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை போலிருக்கிறது. வீட்டில் அவள் சொன்னதைக் கேட்ட வஹாப், ஆண்டவன் மறைத்ததை நீ திறக்காதே என்றார். பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வைப் பாராட்டினார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்று அதில் எழுதியிருந்தாள். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் கையில் மண்வெட்டி சிக்கிய உணர்வு வந்தது.

குடியரசு தினத்துக் கிராம சபைக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. ஓடையை இனி எவரும் மறிக்கக்கூடாது என்ற தீர்மானத்துக்குக் கைகள் உயர்ந்தன. அப்போது செல்லாயி எழுந்தாள்.

"எம் புருசன் காலு இந்தத் தீர்மானத்துல எங்க கீது?"

ஷிபானா எழுந்து நின்றாள். அத்தா வஹாபின் முகம் ஒருகணம் நினைவில் வந்து போனது.

"நான்தான் வெட்டுனேன்."

செல்லாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளை அறைந்தாள். உதடு கிழிந்தது. மறுபடியும் அறைந்தாள். ஆதிலட்சுமி பாய்ந்து வந்தாள். ஷிபானா வேண்டாமென்று தலையசைத்தாள்.

"வூடு வூடா போயி பேசுனியே," என்றாள் செல்லாயி, மூச்சிரைத்துக்கொண்டு. "கரை ஒடஞ்சா எங்க வரிசையுந்தானே முயுகும்? ஒரு வாட்டி கதவச் சாத்தினேன். அதோட எங்கள வுட்டுட்டுப் பூட்ட. அப்புறம் கெழவிங்கள மாடிக்குத் தூக்கினு போனீங்களே, எங்க வரிசைல ஒருத்தர தூக்குனீங்களா?"

தூக்கவில்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆதிலட்சுமி பஞ்சாயத்துத் தலைவரிடம் இரண்டாவது தீர்மானம் ஒன்று எழுதச் சொன்னாள். ஏரி தூர்வாரும் வேலையில் சூளை வரிசைக்கு முதல் பங்கு. தெருக்குழுவில் செல்லாயிக்கு ஓர் இடம். செங்கேணி நல்ல கையைத் தூக்கினான். சிலர் தூக்கவேயில்லை, ஆனாலும் நிறைவேறியது.

மறுநாள் ஷிபானா ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். வஹாப் அவளோடு பல மாதம் பேசவில்லை. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்து நீதிமன்ற வாசலில் நின்றார். இன்னொருவர் உயிரைக் காக்க அடித்தது என்று பல வருடம் கழித்து விடுதலை கிடைத்தது. தேவராஜன் வேறு ஊரில் சூளை போட்டார். சுப்பிரமணி அவளை மன்னிக்கவில்லை. அவள் அந்த வரிசைக்குப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவள் போவதை நிறுத்தவில்லை. அடுத்த மழைக்கு யார் யாரைத் தூக்குவது என்று பேச, செல்லாயி கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள்.