விளக்குப் போடாத வீடு

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவளுக்கு வயிறு எரியும். அலுவலகத்தில் கடைசியாகக் கதவைப் பூட்டுகிறவள் அவள்தான். கணினித் திரையின் ஓரத்தில் மினுக்கும் பொட்டு வெளிச்சத்தைக்கூட விடமாட்டாள். குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் படியிறங்குவாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘மெயின் சுவிட்ச்’. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் ஏதோ பட்டம் வாங்கியதுபோலச் சிரித்துக்கொள்வாள்.

வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இஸ்திரிப் பெட்டி வாரத்துக்கு ஒரு தரம்தான் சூடாகும். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன எடுக்கலாம் என்று யோசித்தால் மகளுக்கு முதுகில் ஒன்று விழும். சாயங்காலம் மூன்று பேரும் கூடத்தில்தான் இருக்க வேண்டும்; ஒரே மின்விசிறி, மகள் படிக்கிற மேசையில் ஒரு குட்டி விளக்கு. மற்ற அறைகளுக்குப் போக வேண்டுமென்றால் இருட்டிலேயே போய்வர வேண்டியதுதான். சொந்த வீட்டில் நடக்க எதற்கு வெளிச்சம் என்பது அவள் கட்சி. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

அந்தக் கட்சியின் முதல் தொண்டர் அவள் கணவர். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில், "வீடா, குகையா?" என்று முணுமுணுத்த மனிதர்தான். இப்போதோ விடியுமுன் எழுந்து, ஒரு சுவிட்சையும் தொடாமல் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, சுவரை விரலால் தடவியபடியே வாசலுக்குப் போய்விடுவார். "உங்கப்பாவப் பாத்துக் கத்துக்கோ" என்று அவள் மகளிடம் பெருமையடித்துக்கொண்டாள். இரவு வண்டி வேண்டாமென்று அவர் எழுதிக் கொடுத்தபோதும், பாவம், வயதாகிறது, தூங்கட்டும் என்று சந்தோஷப்பட்டாள்.

ஒரு நாள் பட்டப்பகலில், பணிமனைக்குள் திரும்பும்போது, பேருந்தின் இடது பக்கத்தைத் தூணில் மோதி நசுக்கினார். நல்லவேளை, வண்டியில் யாரும் இல்லை. "தூண் இருந்ததே தெரியல சார்" என்று அவர் சொன்னதும் மேலாளர் திட்டவில்லை. நேரே கண் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்.

மருத்துவர் அம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். "கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்திருக்கு. வலியே இருக்காது. ஓரத்துப் பார்வை முதல்ல போகும். இப்ப நடுவுல கொஞ்சம்தான் மிச்சம். சொட்டு மருந்து மிச்சத்தக் காப்பாத்தலாம். போனது போனதுதான். இனி வண்டி ஓட்டவே கூடாது."

பிறகு அவள் பக்கம் திரும்பி, "ராத்திரியில தடவித் தடவி நடந்திருப்பாரேம்மா, வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் நடப்போம், டாக்டர்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. வேறு எந்த வீடாக இருந்தாலும் எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள். வெளிச்சத்தில் ஒருவன் சுவரைத் தடவினால் என்ன, ஏது என்று கேட்பார்கள். அவள் அதைச் சிக்கனம் என்று மெச்சிக்கொண்டிருந்தாள்.

சேதி கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "இனிமேலாவது லைட்டப் போட்டு வை. கண் கெட்ட பிறகு..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

அக்கா போனதும் அவள் கேட்டாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல்ல தெரியாது. நம்ம வீடு இருட்டு, அதான்னு நெனச்சேன்." சொட்டு மருந்துக் குப்பியைக் கையில் உருட்டினார். "அப்புறம் தெரிஞ்சுது. சொன்னா வண்டிய விட்டு எறக்கிடுவாங்க. பொண்ணு படிப்பு முடியட்டும்னு..."

"வண்டி நெறைய ஜனங்கள வெச்சுக்கிட்டா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"வெளிய பயந்து பயந்துதான் நடந்தேன். வீட்டுக்கு வந்தா நீங்களும் என்ன மாதிரியே தடவிக்கிட்டு நடப்பீங்க. எனக்கு ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கும். அத விட மனசு வரல."

அவள் விருட்டென்று எழுந்தாள். கூடம், சமையலறை, படுக்கையறை என்று எல்லா சுவிட்சையும் தட்டினாள். மேசையிலிருந்த மகள் பயந்துபோய், "அம்மா, என்னம்மா பண்றே?" என்றாள். அவள் குளியலறை விளக்கையும் போட்டாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம். அது தீர்ந்ததும் வந்து, வழக்கம்போல அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேரா வந்து உக்காரு" என்றார் அவர். "பக்கத்துல உக்காந்தா நீ தெரிய மாட்டே."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் முகத்தை மெல்லத் திருப்பித் திருப்பி, அவள் நெற்றியை, கண்ணை, கன்னத்தைத் தனித்தனியாகத் தேடிப் பார்த்தார். பிறகு கை நீட்டி அவள் காதோரத்து முடியைத் தொட்டார்.

"உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?"

"ரொம்ப நாளாச்சுங்க" என்றாள். மருத்துவமனையில்கூட அழாதவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.